காய்ச்சல் விட்ட பிறகு வரும் பக்கவாதம்: வைரஸுக்கு இதில் பங்கு உண்டா?

கேள்வி (ஜூன் 3)
மாமாவுக்குக் கடுமையான ஃப்ளூ காய்ச்சல். விட்ட சில நாட்களில் பக்கவாதம். மருத்துவர் சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான் காரணம் என்கிறார். அவை இரண்டும் அவருக்குப் பல வருடங்களாகவே இருக்கின்றன. அப்படியானால் ஏன் அந்த வாரம் வந்தது? காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா?

ஜூன் 3
சம்பந்தம் உண்டு. மருத்துவர் சொன்னதும் சரிதான். யாருக்கு வரும் என்பதைச் சர்க்கரையும் அழுத்தமும் புகையும் வயதும் தீர்மானிக்கின்றன. எப்போது வரும் என்பதில் தொற்றுக்குப் பங்கு இருக்கிறது.

2004இல் பிரிட்டனில் வந்த ஒரு ஆய்வைப் பார்க்கலாம். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அதே ஆளின் காய்ச்சல் நாட்களை அவருடைய சாதாரண நாட்களோடு ஒப்பிட்டார்கள். சர்க்கரை, பரம்பரை, புகை எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் கணக்கில் அடிபட்டுப் போகும். மூச்சுக்குழாய்த் தொற்று வந்த முதல் மூன்று நாட்களில் பக்கவாத ஆபத்து சுமார் 3 மடங்கு. பிறகு வாரக்கணக்கில் மெல்லக் குறைகிறது. அதே ஆய்வில் தடுப்பூசிகளையும் பார்த்தார்கள். ஃப்ளூ ஊசி போட்ட பிறகு ஆபத்து கூடவில்லை.

ஜூன் 3, இரவு
"அப்படியென்றால் வைரஸ் மூளைக்குள் போய்விடுகிறதா?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் இல்லை. மேலே சொன்ன ஆய்விலேயே சிறுநீர்த் தொற்றுக்குப் பிறகும் ஆபத்து கூடியது தெரிந்தது. சிறுநீர்ப்பையில் இருக்கும் பாக்டீரியா மூளைக்கு ஏறவில்லை. எந்தக் கிருமி என்பதைவிட, அதை எதிர்த்து உடம்பு செய்யும் அமர்க்களம்தான் முக்கியம். இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைக் கல்லீரல் அதிகமாகச் சுரக்கிறது. உறைவை உண்டாக்கும் இரத்தத் துணுக்குகளான தட்டணுக்கள் ஒட்டும் குணம் பெறுகின்றன. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு செத்துப்போகும்போது தன் டி.என்.ஏ.வையே மீன்வலை மாதிரி விரித்து எறிகிறது. கிருமிக்கு விரித்த வலையில் இரத்தமும் மாட்டி உறைகிறது. தமனிச் சுவரில் ஏற்கெனவே கொழுப்புப் படிவு இருந்தால் அது வெடிக்க இதுதான் நேரம். கூடவே நீர் வற்றல், படுத்தே கிடப்பது, சிலருக்குக் காய்ச்சலில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி மேலறையில் உறைவு உண்டாவது.

இரத்த ஓட்டம், குழாயின் சுவர், இரத்தத்தின் தன்மை, இந்த மூன்றும் கெட்டால் உறைவு வரும் என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் மருத்துவர் விர்கோ பெயரில் இன்றும் வழங்குகிறது. ஒரு சாதாரண ஃப்ளூ மூன்றையும் ஒரே வாரத்தில் தொட்டுவிடும்.

ஜூன் 4
காலையில் பார்த்தால் இந்த இணைய இழை முழுக்கப் பீதி. "மூன்று மடங்கா!"

மடங்கைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன், எதன் மடங்கு என்று கேளுங்கள். ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒரு வாரத்தில் பக்கவாதம் வரும் வாய்ப்பு, எடுத்துக்காட்டாக, லட்சத்தில் இரண்டு என்றால் மூன்று மடங்கு என்பது லட்சத்தில் ஆறு. மீதி 99,994 பேர் தும்மிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். வயதும் நோயும் கூடினால் அந்த அடிப்படை எண்ணே பெரிதாகும். அப்போதுதான் மடங்குக்குப் பல் முளைக்கிறது.

ஜூன் 6
"வைரஸ் மூளைக்குள் போவதில்லை" என்று எழுதியதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த இழையே வீண்.

சின்னம்மையை உண்டாக்கும் வேரிசெல்லா ஜோஸ்டர் வைரஸ். அம்மை ஆறிய பிறகு அது உடம்பைவிட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து படுத்துக்கொள்கிறது. பல பத்தாண்டுகள் கழித்து எதிர்ப்பு சக்தி தளரும்போது ஒரு நரம்பு வழியே கிளம்பித் தோலுக்கு வந்தால் அதுதான் அக்கி. முகத்துக்கு வரும் ட்ரைஜெமினல் நரம்பின் முடிச்சிலிருந்து தோலுக்கு மட்டுமல்லாமல் மூளைத் தமனிகளின் வெளிச்சுவருக்கும் இழைகள் போகின்றன. வைரஸ் அந்த வழியையும் பிடிக்கலாம். சுவருக்குள் புகுந்து அங்கேயே பெருகும், சுவர் வீங்கும், குழாய் குறுகும். மூளைத் தமனிக்குள் பெருகுவதாகத் தெளிவாக நிரூபிக்கப்பட்ட மனித வைரஸ் இதுதான்.

என் அண்ணனுக்கு இது வந்தது. வலது கண்ணையும் நெற்றியையும் சுற்றி அக்கி. மாத்திரை சாப்பிட்டார், கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது, வலியும் குறைந்தது. எல்லோரும் மறந்துவிட்டோம். இரண்டு மாதம் போல ஆகியிருக்கும், ஒரு நாள் மதியம் இடது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. உடனே கொண்டுபோனோம். சி.டி. எடுத்தார்கள், கசிவு இல்லை, அடைப்பு என்றார்கள். சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை, இதயத்திலும் ஒன்றும் இல்லை. "சில பேருக்குக் காரணம் தெரியாமலே வரும்" என்று சொல்லி ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் எழுதினார்கள்.

அக்கியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அது தோல் வியாதி, இது மூளை. அண்ணிதான் பணி மாறிவந்த நரம்பியல் மருத்துவரிடம், "நெற்றியில் இந்தத் தழும்பு போகுமா டாக்டர்?" என்று கேட்டார். அவர் தழும்பைப் பார்த்தார், எந்தக் கண், எப்போது என்று கேட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வலது பக்கத் தமனி, இடது பக்கக் கை: மூளையின் வலது பாதிதான் இடது கையை இயக்குகிறது. மறுநாள் தமனிச் சுவரைக் காட்டும் எம்.ஆர்.ஐ., மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றியுள்ள நீரை முதுகு வழியாக எடுப்பது எல்லாம் நடந்தன. வைரஸ்தான். அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து நரம்பு ஊசியாக இரண்டு வாரம், தொடக்கத்தில் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு.

ஆஸ்பிரின் மட்டும் கொடுத்திருந்தால் தமனிச் சுவருக்குள் வைரஸ் பாட்டுக்குத் தன் வேலையைத் தொடர்ந்திருக்கும்.

ஜூன் 7
அண்ணன் எப்படி இருக்கிறார் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நடக்கிறார், பேசுகிறார், சண்டை போடுகிறார். இடது கை விரல்களில் மட்டும் நுணுக்கம் திரும்பவில்லை. சட்டைப் பொத்தானோடு தினமும் தகராறு.

ஜூன் 7, மாலை
மருத்துவ மாணவர் ஒருவர் "பி.சி.ஆர். நெகட்டிவ் என்றால் இந்த நோய் இல்லை என்று முடிவு கட்டலாம்" என்று எழுதியிருக்கிறார். தம்பி, கட்டக் கூடாது. பி.சி.ஆர். தேடுவது வைரஸின் டி.என்.ஏ.வை. முதுகு நீரில் அது தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் தென்படலாம். தமனி நோய் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடப்பது. 2008இல் வெளியான 30 நோயாளிகளின் தொகுப்பில் டி.என்.ஏ. கிடைத்தது சுமார் 30 சதவீதம் பேரிடம்தான். அந்த வைரஸுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இருந்தது. எனவே இரண்டையும் அனுப்ப வேண்டும், இரத்தத்திலுள்ள அளவோடும் ஒப்பிட வேண்டும். அண்ணனுக்கும் பி.சி.ஆர். நெகட்டிவ்தான்.

அதே தொகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குத் தோலில் கொப்புளமே வரவில்லை. தழும்பு இருந்ததால் அண்ணன் தப்பித்தார். தழும்பு இல்லாதவர்களை நினைத்தால்தான் கவலை.

ஆபத்து எவ்வளவு? பிரிட்டன் தரவுகளை வைத்து 2014இல் வந்த கணக்குப்படி, பொதுவாக அக்கி வந்த முதல் நான்கு வாரங்களில் பக்கவாத ஆபத்து சுமார் 1.6 மடங்கு, பிறகு மாதங்களில் தணிகிறது. கண் அக்கி என்றால் 5 முதல் 12 வாரங்களுக்குள் 3 மடங்குக்கும் மேல். வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எடுத்துக்கொண்டவர்களிடம் ஆபத்து குறைவாகத் தெரிந்தது. ஆனால் அண்ணனும் மாத்திரை சாப்பிட்டவர்தான். மாத்திரை ஆபத்தைக் குறைக்கலாம், அழித்துவிடாது.

ஜூன் 8
குழந்தைகளைப் பற்றி ஒரு தாய் தனிச்செய்தியில் கேட்டார். பொதுவிலேயே சொல்கிறேன்.

சின்னம்மை வந்த ஆறு மாதங்களுக்குள் குழந்தைகளுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 4 மடங்கு கூடுவதாக 2014இல் இன்னொரு ஆய்வு சொன்னது. குழந்தைகளுக்குப் பக்கவாதம் என்பதே ஆண்டுக்கு லட்சத்தில் சிலருக்கு வருவது, எனவே ஜூன் 4 குறிப்பை மறுபடி படியுங்கள். வரும்போது அது பெரும்பாலும் ஒரு பக்கத்துத் தமனி ஒன்று குறுகுவதாக வரும். சிக்கல் என்னவென்றால் யாரும் நம்புவதில்லை. "பிள்ளைக்கு எங்கே பக்கவாதம், சுளுக்காக இருக்கும்" என்று நாளைக் கடத்திவிடுகிறார்கள். ஓடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென ஒரு கையை மட்டும் பயன்படுத்தாமல் விட்டால் அது சுளுக்கா என்று வீட்டில் ஆராய வேண்டாம்.

குறுகல் முதல் சில வாரங்களில் இன்னும் மோசமாகவும் கூடும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். அதனால்தான் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். குழந்தை நன்றாக விளையாடுகிறதே என்று அதைத் தவிர்க்காதீர்கள்.

ஜூன் 9
இழை வழக்கம்போல் திசைமாறி முகவாதத்துக்குப் போய்விட்டது. சரி, அதையும் பார்ப்போம்.

வாய் ஒரு பக்கம் கோணுவது பக்கவாதத்திலும் வரும், முக நரம்பு வீங்கினாலும் வரும். நெற்றியைச் சுருக்கச் சொன்னால் இரண்டு பக்கமும் சுருங்கி வாய் மட்டும் கோணலாக இருப்பது மூளைப் பக்கம் சந்தேகத்தைத் திருப்பும். நெற்றியும் சுருங்காமல் கண்ணும் மூடாமல் இருந்தால் பெரும்பாலும் நரம்பு. காதுக்குள் கொப்புளமும் வலியும் சேர்ந்தால் அது மறுபடியும் நம் ஜோஸ்டர்தான். இந்த இழையில் எந்தக் கதவைத் திறந்தாலும் அவரே நிற்கிறார்.

உடனே எல்லோரும் கண்ணாடி முன்னால் போய் நெற்றியைச் சுருக்கிப் பார்த்திருப்பீர்கள். நானும்தான். ஆனால் வீட்டில் யாருக்காவது நிஜமாகவே முகம் கோணினால் இந்தச் சோதனையைச் செய்து தீர்ப்பு எழுத வேண்டாம். மூளைத்தண்டில் வரும் பக்கவாதம் நெற்றியையும் சேர்த்து இழுக்கக்கூடியது.

ஜூன் 10
கோவிட் எங்கே என்று கேட்டுவிட்டீர்கள். வந்தாயிற்று.

2020 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் நியூயார்க்கில் இரண்டு வார அளவில் ஐந்து பேர் பெரிய தமனி அடைப்போடு வந்தார்கள். எல்லோரும் 50 வயதுக்குள். அந்தச் சிறு அறிக்கைதான் உலகம் முழுக்கப் பரவியது. ஐந்து பேரை வைத்து எதையும் அளக்க முடியாது. அதே ஆண்டு அதே நகரத்தில், கோவிட்டோடு மருத்துவமனைக்கு வந்தவர்களை முந்தைய ஆண்டுகளின் ஃப்ளூ நோயாளிகளோடு ஒப்பிட்டபோது, கோவிட்டில் 1.6 சதவீதம் பேருக்கும் ஃப்ளூவில் 0.2 சதவீதம் பேருக்கும் அடைப்புப் பக்கவாதம் இருந்தது. இவர்கள் மருத்துவமனை வரை வந்தவர்கள் என்பதை மறக்காதீர்கள். வீட்டிலேயே இருமிக் குணமானவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

ஜூன் 11
நேற்றையதன் தொடர்ச்சி. கோவிட்டுக்குப் பிறகு வரும் பக்கவாத ஆபத்து பற்றிய ஸ்வீடன் ஆய்வில் "6 மடங்கு" என்று ஒருவர் போட்டிருக்கிறார், இன்னொருவர் "இல்லை, 3" என்கிறார். இருவரும் ஒரே கட்டுரையைத்தான் படித்திருக்கிறீர்கள்! 2021இல் வந்த அந்த ஆய்வில் தொற்று தொடங்கிய நாளையும் சேர்த்தால் முதல் வாரத்தில் சுமார் 6 மடங்கு, அந்த நாளை நீக்கினால் சுமார் 3. ஏன் நீக்க வேண்டும்? பக்கவாதத்தோடு சேர்பவருக்கு வாசலிலேயே கோவிட் பரிசோதனை செய்வார்கள். இரண்டும் ஒரே தேதியில் பதிவாகும். எது முன்னால் வந்தது என்று தெரியாது. நான் "3" என்பவரின் கட்சி. 2004இல் சாதாரண மூச்சுத் தொற்றுக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதே எண் என்பது எனக்குச் சுவாரஸ்யமாக இருக்கிறது.

ஜூன் 12
தமனியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மூளையிலிருந்து இரத்தம் வெளியேறும் சிரைகளிலும் உறைவு வரும். அது கையும் காலும் திடீரென விழுவது மாதிரி வர வேண்டியதில்லை. நாளுக்கு நாள் கூடும் தலைவலி, படுத்தால் அதிகம், வாந்தி, பார்வை மங்கல், சில நேரம் வலிப்பு. சாதாரண சி.டி.யில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். சிரைகளைத் தனியாகப் படம் எடுக்க வேண்டும். "ஸ்கேன் நார்மல், மைக்ரேன்தான்" என்று திரும்பிவந்தவர்களின் கதைகள் இங்கேயே இரண்டு மூன்று கிடக்கின்றன. சிகிச்சை உறைவைத் தடுக்கும் ஹெபாரின். கொஞ்சம் கசிவு இருந்தாலும் பெரும்பாலும் அதையே கொடுப்பார்கள் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் இந்த இடத்தில் நுழைவார்கள் என்று தெரியும், எனவே முன்கூட்டியே. ஆம், 2021இல் அடினோ வைரஸை வாகனமாகக் கொண்ட தடுப்பூசிகளுக்குப் பிறகு, மிக அரிதாக, தட்டணுக்கள் குறைந்து அதே நேரத்தில் மூளைச் சிரையில் உறைவும் வந்தது. பி.எஃப்.4 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்தான் காரணம். அங்கே ஹெபாரினைத் தவிர்த்து வேறு மருந்து கொடுப்பார்கள். மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை: 2023இல், எந்த ஊசியும் இல்லாமல் இயற்கையான அடினோ வைரஸ் தொற்றுக்குப் பிறகு அதே வகை எதிர்ப்பொருளும் அதே நோயும் வந்தவர்களைப் பற்றிய அறிக்கை வெளியானது. அடினோ என்பது சளிக் காய்ச்சல் வைரஸ். இப்போது சளியைத் தடை செய்யச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஜூன் 13
இது அவசரம். "காய்ச்சல் வந்தால் முன்னெச்சரிக்கையாக ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியவருக்கும், அதற்கு விருப்பக்குறி போட்டவர்களுக்கும்.

வேண்டாம். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் தட்டணுக்கள் ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபனும் மிச்சமிருப்பவற்றையும் முடக்கும். டெங்குவில் மூளைக்குள் இரத்தக் கசிவு அரிது, ஆனால் வந்தால் கொடியது. பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு ஃப்ளூவிலோ சின்னம்மையிலோ ஆஸ்பிரின் கொடுத்தால் ரேய் நோய் என்ற கல்லீரல், மூளைப் பாதிப்பு வரக்கூடும்.

கோவிட்டுக்காவது? மருத்துவமனையில் சேர்ந்த சுமார் 15,000 பேரை வைத்துப் பிரிட்டன் தலைமையில் சோதித்தே பார்த்தார்கள். ஆஸ்பிரின் உயிரிழப்பைக் குறைக்கவில்லை. உறைவு கொஞ்சம் குறைந்தது, பெரிய இரத்தக் கசிவு கொஞ்சம் கூடியது. கணக்கு அங்கேயே தீர்ந்தது.

ஏற்கெனவே மருத்துவர் எழுதிக்கொடுத்து ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதய அடைப்பு உள்ளவர் காய்ச்சல் வாரத்தில் நிறுத்துவது இன்னொரு வகை முட்டாள்தனம். டெங்கு சந்தேகம் என்றால் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஜூன் 15
எச்.ஐ.வி. பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக: ஆம், அதுவும் மூளைத் தமனிகளைக் கெடுக்கிறது, சிலருக்குச் சுவர் பலூன் போல விரியவும் செய்கிறது. இளம் வயதில் காரணம் தெரியாத பக்கவாதம் என்றால் அந்தப் பரிசோதனையையும் செய்வது வழக்கம். செய்தால் கோபப்படாதீர்கள்.

ஜூன் 18
ஃப்ளூ ஊசி பக்கவாதத்தைத் தடுக்குமா? கனடாவின் ஆல்பெர்ட்டாவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2022இல் வந்த ஆய்வில், ஊசி போட்டவர்களிடம் பக்கவாதம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. படித்த அன்று உற்சாகமாக நாலு பேருக்கு அனுப்பினேன். இப்போது யோசித்தால், ஊசி போட்டுக்கொள்ளும் ஆள் அழுத்த மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிடும் ஆள். ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் ஈடுகட்டப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் மனிதரின் சுபாவத்தை எந்தப் பதிவேட்டிலிருந்து எடுப்பது? திசை சரி என்று நம்புகிறேன். எண்ணைப் பிடித்துத் தொங்க மாட்டேன். எனக்கு ஃப்ளூவைத் தவிர்ப்பதே போதுமான காரணம்.

ஜூன் 20
நேற்றிரவு ஒருவர்: "அம்மாவுக்கு ஒரு மாதத்துக்கு முன் கண்ணில் அக்கி. இரண்டு நாளாக அதே பக்கம் தலைவலி, இன்று காலை சில நிமிடம் வார்த்தை வரவில்லை, இப்போது சரியாகிவிட்டது. காத்திருந்து பார்க்கலாமா?"

இங்கே பதிலுக்குக் காத்திருந்ததே அதிகம். சில நிமிடத்தில் சரியாகிவிட்ட பக்கவாதமும் அவசரம்தான். அடுத்தது சரியாகாமல் போகலாம். உறைவைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் வழக்கமான எல்லை. போகும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: கடைசியாக எப்போது நன்றாக இருந்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்தக் கண்ணில் எப்போது அக்கி வந்தது. மூன்றாவதை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பக்கவாதப் பிரிவில் அந்த அவசரத்தில் தோலைப் பற்றிக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

ஜூன் 20, மதியம்
சேர்த்துவிட்டார்களாம். எம்.ஆர்.ஐ.யில் சிறிய புள்ளி ஒன்று, முதுகு நீர் எடுக்கப் போகிறார்கள். எதிர்ப்பொருளும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மருத்துவர் "ஏற்கெனவே எழுதிவிட்டேன்" என்றாராம். நல்லது.

ஜூன் 24
அக்கி ஒரு முறை வந்தவர் அதற்கான தடுப்பூசி போடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போடலாம், கொப்புளம் முழுக்க ஆறிய பிறகு. இப்போது பரவலாக இருப்பது உயிருள்ள வைரஸ் இல்லாத ஊசி, 50 வயதுக்கு மேல், 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு டோஸ். நடந்துகொண்டிருக்கும் அக்கிக்கு அது மருந்தாகாது. அண்ணன் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொண்டார். இரண்டாவது டோஸுக்குப் பிறகு ஒரு நாள் காய்ச்சலும் கைவலியும் இருந்தன. அந்த ஒரு நாளும் அண்ணி அவரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சிரித்துக் காட்டச் சொன்னார்.